இடது கைப் பக்கத்துக் களம்

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் சொன்னதுக்காக எழுதுதேன். எனக்கு டைரி எழுதுற பழக்கமெல்லாம் கிடையாது. விசில் பிடிச்ச ஆட்டங்களைக் குறிச்சு வைக்க ஒரு மேட்ச் நோட்டு உண்டு, அதோட சரி. காதுல இரைச்சல் எப்ப வருது, தலை சுத்துதா, யார் பேச்சு விளங்காமப் போகுதுன்னு தேதி போட்டு எழுதிட்டு வரணுமாம். எழுதிட்டாப் போச்சு.

பேரு செண்பகவடிவு. வயசு நாப்பத்தெட்டு. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியை. வடிவு டீச்சர்னா எங்க ஊர்ல தெரியாதவங்க கிடையாது. இருபத்திரண்டு வருசமா கபடிக்கு அம்பயரா நிக்கேன். பொம்பளை விசில் ஊதுனா எவன் நிப்பான்னு கேட்டவனையெல்லாம் நிக்க வச்சவ நான். பெருமைக்குத்தான் சொல்லுதேன், அதுல என்ன வெக்கம்.

ஏப்ரல்ல ஸ்கேன் எடுத்தாங்க. இடது காதுக்கு உள்ள, கேக்குற நரம்பை ஒட்டி, ஏழு மில்லிமீட்டர்ல ஒரு கட்டி. ஒரு கொண்டைக்கடலை அளவுகூட இல்ல. புத்துநோய் கிடையாது. மெதுவா வளரும், சில பேருக்கு வளராமலே இருக்கும். இப்ப கத்தி வைக்க வேண்டாம், கண்காணிப்போம்னு டாக்டர் சொன்னாரு. காது எவ்வளவு கேக்குதுன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கேள்விச் சோதனை, வருசத்துக்கு ஒரு ஸ்கேன். இந்தக் கொண்டைக்கடலைக்காக நான் விசிலைக் கழட்டி வைக்க மாட்டேன்.

விஷயம் இவுகளுக்கு மட்டும்தான் தெரியும். இவுகன்னா என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், மின்வாரியத்துல ஃபோர்மேன். கோயம்புத்தூர்ல படிக்கிற மகளுக்குக்கூடச் சொல்லலை.

ஜூலை 10, புதன்

இரைச்சல் இருக்கு. தலை சுத்தலை. எல்லார் பேச்சும் விளங்குச்சு.

ஜூலை 27, சனி

குறுவட்டப் போட்டி. காலையில எட்டு மணிக்கு நின்னவ சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் உக்காந்தேன். ஒரு தடவைகூடத் தலை சுத்தலை, டாக்டர் கவனிக்கட்டும்.

அவருக்கு ஆட்டம் விளங்கணும்னு ஒண்ணு எழுதி வைக்கேன். கபடியில ரெய்டு போறவ மூச்சை விடாம 'கபடி கபடி'ன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே போகணும். எங்க பக்கம் அதுக்குப் பாட்டுன்னு பேரு. எதிர்க் களத்துக்குள்ள பாட்டு அறுந்தா அவ அவுட்டு. தொட்டது, பிடிச்சது, கோட்டை மிதிச்சது எல்லாத்தையும் கண்ணுள்ள யாரும் சொல்லிருவாங்க. பாட்டை அம்பயரோட காதுதான் சொல்லணும். பாட்டு விஷயத்துல வடிவு டீச்சர் தீர்ப்பை எவனும் மறுத்ததில்ல.

ஆனா இப்பத்திப் பிள்ளைகளுக்கு நெஞ்சுல பலமே இல்ல. பாதிப் பேர் தொண்டைக்குள்ளயே பாடுதாளுக. ரெண்டு பேரைக் கூப்பிட்டு, வாயைத் தொறந்து பாடுங்கட்டின்னு சத்தம் போட்டேன். முழிச்சாளுக.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குக்கர் மூணு விசில் வந்ததும் இறக்கணும். மூணு எண்ணித்தான் இறக்குனேன். பருப்பு கூழாகிக் கிடக்கு. ஆறு விசில் வந்துச்சுன்னு இவுக சொல்லுதாக. அப்ப எந்திரிச்சு வந்து அணைச்சிருக்க வேண்டியதுதானே, கூடத்துல உக்காந்து எண்ணிக்கிட்டா இருப்பாங்கன்னு கேட்டேன். ஏதோ சொன்னாக. இவுகளும் வர வர வாய்க்குள்ளயே முணுமுணுக்காக, பாதி காதுல விழுறதில்ல.

சாயங்காலம் அடுப்பை மேடையோட அந்தக் கடைசிக்கு மாத்தி வச்சேன். பழைய இடத்துல வெளிச்சம் பத்தலை. இப்ப வலது கைப் பக்கம் வசதியா இருக்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஸ்டாஃப் ரூம்ல ஜன்னலோரத்து நாற்காலிக்கு மாறிக்கிட்டேன். காத்து நல்லா வருது. எல்லாரும் வலது பக்கமா இருக்காங்க.

செப்டம்பர் 1, ஞாயிறு

சூசைமாணிக்கம் சார் வீட்டுக்கே வந்துட்டாரு. மாவட்டக் கபடிக் கழகச் செயலாளர். பதினஞ்சு வருசமா எனக்கு எதிர்க்கோட்டுல நிக்கிற அம்பயரும் அவர்தான். நடுக்கோட்டோட அந்த முனையில அவர், இந்த முனையில நான்; ரெண்டு கைப் பக்கமும் ஒவ்வொரு அணியோட களம்.

ஜனவரியில மாநிலப் போட்டி. பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு நிக்கிற ரெண்டு அம்பயர்ல ஒரு பேர் என் பேராம். எங்க மாவட்டத்துல இருந்து இதுவரைக்கும் ஒரு பொம்பளை போனதில்ல. சார் சொல்லச் சொல்லக் காப்பி டம்ளரைக் கீழ வச்சுட்டேன். இருபத்திரண்டு வருசம் வெயில்ல நின்னது இதுக்குத்தான். வேற எதுக்கு.

மருத்துவச் சான்று கொடுக்கணுமாம். கண் பார்வை, காது கேள்வி, ரத்த அழுத்தம். அதுக்கென்ன சார், கொடுத்துருவோம்னு சொன்னேன். இவுக என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாக.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆறு மாசச் சோதனை. திருநெல்வேலிக்குப் பஸ்ல போனோம்.

கண்ணாடி வச்ச ஒரு சின்ன அறைக்குள்ள உக்கார வச்சு, காதுல ஹெட்போன் மாட்டிவிடுவாங்க. சத்தம் கேட்டா கையில இருக்கிற பட்டனை அமுக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினோட நஸ்ரின்னு ஒரு பிள்ளை. அது சத்தம் விடும்போதெல்லாம் அதோட வலது தோள்பட்டை ஒரு நூல் இறங்குது. ரெய்டு போறவ எந்தக் காலை எடுக்கப் போறான்னு தோளைப் பாத்துச் சொல்லுறவ நான், எனக்கு இது தெரியாமப் போகுமா. தோள் இறங்குச்சு, அமுக்குனேன். சத்தம் கேக்கவே இல்லைன்னு சொல்லலை. கேட்டும் இருக்கலாம்.

அடுத்தாப்ல மைக்குல வார்த்தை சொல்லுவாங்க, திருப்பிச் சொல்லணும். நஸ்ரின் உதட்டை அசைச்சு நல்லாத் திருத்தமாச் சொல்லுது.

டாக்டர் ஏப்ரல் தாளையும் இந்தத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. இடது காதுக்குக் கேக்க அப்ப முப்பது டெசிபல் சத்தம் வேணும், இப்பவும் முப்பது. வார்த்தை அப்ப நூத்துக்குத் தொண்ணூறு, இப்பவும் தொண்ணூறு. கொஞ்சமும் இறங்கலையே, ஆச்சரியமா இருக்கேன்னாரு. எனக்கு ஆச்சரியம் இல்ல டாக்டர்னு சொன்னேன். நல்ல உடம்பு, ஓடின உடம்பு.

திரும்பி வரும்போது இவுக பஸ்ல ஏதோ கேட்டாக. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

சான்றைக் கழகத்துல கொடுத்தாச்சு. சூசைமாணிக்கம் சார் கை குடுத்தாரு.

நவம்பர் 9, சனி

மாவட்ட இறுதி ஆட்டம். மேலப்புளியடிப் பள்ளிக்கும் கரிசலூர்ப் பள்ளிக்கும். மைக்செட், மேளம், கோட்டைச் சுத்தி ஆயிரம் பேர்.

கடைசி நிமிஷத்துல இருபத்தேழுக்கு இருபத்தேழு. கடைசி ரெய்டு மேலப்புளியடிக்கு. அவங்க பிள்ளை நடுக்கோட்டைத் தாண்டி என் இடது கைப் பக்கத்துக் களத்துக்குள்ள போனா. அந்தக் கடைசிக் கோடு வரைக்கும் போயி ஒருத்தியைத் தொட்டுட்டுத் திரும்பினா. நான் பாயிண்ட் குடுத்தேன். கரிசலூர்ப் பிள்ளைகள் ஏழு பேரும் என்னை வந்து சூழ்ந்துட்டாளுக. பாட்டு அறுந்துட்டு, ரெண்டு மூச்சு எடுத்துட்டுத்தான் திரும்பினான்னு ஒரே சத்தம். எதிர்க்கோட்டுல சூசைமாணிக்கம் சார் கையை விரிச்சு என்னைக் காட்டுனாரு. அவருக்குப் பின்னாடி மேளக்காரங்க.

பாட்டு இருந்துச்சு, எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன்.

கரிசலூர் கேப்டன் இசக்கியம்மாள் மட்டும் நகரலை. ஒல்லியான பிள்ளை, பதினேழு வயசு இருக்கும். அழலை, கத்தலை. என் முகத்துக்கு நேரா நின்னு, "உங்களுக்கு நிசமாவே கேட்டுச்சா டீச்சர்?"னு கேட்டா. அம்பயரை எதிர்த்துப் பேசுறியான்னு எச்சரிக்கைப் பச்சை அட்டையைக் காட்டி அனுப்புனேன்.

கரிசலூர் ஒரு பாயிண்டுல தோத்துச்சு.

நவம்பர் 10, ஞாயிறு

ரேஷன் அரிசியைப் புடைச்சு டப்பாவுல போட்டேன். ரெண்டு பக்கெட் துணி துவைச்சேன். தலையணை உறையெல்லாம் மாத்துனேன். பாட்டு இருந்துச்சு.

நவம்பர் 12, செவ்வாய்

யாரோ ஃபோன்ல எடுத்த வீடியோ வாட்ஸ்அப்ல சுத்துது. இவுகளுக்கும் வந்திருக்கு. என்கிட்டக் காட்டாம வச்சிருந்தாக. நான்தான் பிடுங்கிப் பாத்தேன்.

ஃபோனை வலது காதுல வச்சு மூணு தடவை கேட்டேன். கடைசிக் கோட்டுக்கிட்டப் போனதும் பாட்டு நின்னு போகுது. மேளம் இருக்கு, கூட்டம் இருக்கு, அந்தப் பிள்ளை குரல் மட்டும் இல்ல. அப்புறம் திரும்பி ஓடும்போதுதான் மறுபடியும் ஆரம்பிக்கா. ரெண்டு மூச்சு, நல்லா எடுத்திருக்கா. வீடியோவுல நானும் தெரியுதேன். இருபதடி தூரத்துல, விசிலைக் கடிச்சுக்கிட்டு.

இவுககிட்ட என்ன தோணுதுன்னு கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

நவம்பர் 13, புதன்

ஸ்கூலுக்கு லீவு போட்டேன். மேட்ச் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன்.

பாட்டு அறுந்து அவுட்டு குடுத்தா, எந்தக் களத்துலங்கிறதையும் குறிச்சு வைக்கிறது என் வழக்கம். நான் நிக்கிற இடத்துக்கு இடது கைப் பக்கமா, வலது கைப் பக்கமான்னு. போன வருசம் மொத்தம் முப்பத்தொண்ணு. இடது பக்கம் பதினாறு, வலது பக்கம் பதினஞ்சு. சரியா இருக்கு, எந்தப் பக்கம் ஆடுனாலும் பிள்ளைகளுக்குப் பாட்டு ஒரே மாதிரிதானே அறும்.

இந்த ஜூன்ல இருந்து பதினாலு. பதினாலும் வலது கைப் பக்கம். இடது பக்கம் ஒண்ணுகூட இல்ல.

திரும்பத் திரும்பப் பாத்தேன். இது என் கையெழுத்து. இடது கைப் பக்கத்துக் களத்துக்குள்ள போன ஒவ்வொருத்தியையும் நான் தப்பிக்க விட்டிருக்கேன். வலது கைப் பக்கம் போனவளை மட்டும் பிடிச்சிருக்கேன். காசு வாங்கிக்கிட்டு ஊதுறவன்கூட இவ்வளவு சுத்தமா ஒரு பக்கமா ஊத மாட்டான்.

பிள்ளைகளுக்கு நெஞ்சுல பலம் இல்லைன்னு ஜூலையில எழுதியிருக்கேன். அந்த வரியை அடிக்காம விட்டு வைக்கேன். கிடக்கட்டும்.

நவம்பர் 15, வெள்ளி

நேரம் வாங்காமலே திருநெல்வேலிக்குப் போனேன். நஸ்ரின்கிட்ட, நாற்காலியைச் சுவத்தைப் பாத்துத் திருப்பிப் போடும்மான்னு சொன்னேன். அந்தப் பிள்ளையும் திருப்பிப் போட்டுச்சு. அப்புறம் மெதுவா, போன தடவை எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு மேடம், அன்னைக்கே நானே திருப்பியிருக்கணும்னு சொல்லுச்சு. நீ திருப்பியிருந்தா உன்கூடச் சண்டைக்கு வந்திருப்பேன்னு சொன்னேன், உண்மையும் அதுதான்.

சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தா ஒண்ணுமே இல்ல. ரொம்ப நேரம் பட்டனை அமுக்காமலே இருந்தேன். அது ஒரு மாதிரி பயமா இருந்துச்சு. இடது காது ஐம்பத்தஞ்சு டெசிபல். வார்த்தை நூத்துக்கு நாப்பத்தெட்டு.

ஒரு வருசம் ஆகுறதுக்கு முன்னாடியே ஸ்கேனும் எடுத்துட்டாங்க. எட்டு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை வச்சு வளர்ந்துருச்சுன்னு சொல்ல முடியாதாம். கட்டி அப்படியே கிடந்தாலும் கேள்வி மட்டும் இறங்கிக்கிட்டே வரலாமாம். இப்பவும் கண்காணிப்புதான்.

தோளைப் பாத்து அமுக்குனதை டாக்டர்கிட்ட நானே சொன்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "இது பாஸா ஃபெயிலான்னு பாக்குற பரீட்சை இல்லம்மா. உள்ள என்ன நடக்குதுன்னு உங்க காதுதான் எனக்குச் சொல்லணும். அதையும் நீங்க பொய் சொல்ல வச்சா, நான் எதைப் பாத்து முடிவெடுப்பேன்?"னு கேட்டாரு. பி.டி. டீச்சராகி இத்தனை வருசத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 17, ஞாயிறு

கழகத்துக்குக் கடிதம் எழுதிட்டேன். நகல் இங்கயும் இருக்கட்டும்.

'நவம்பர் 9 இறுதி ஆட்டத்தின் கடைசி ரெய்டில் பாட்டு அறுந்தது. நான் அதைக் கேட்கவில்லை. கேட்டதாகச் சொன்னேன். எனக்கு இடது காதில் கேள்வி பாதிக்கு மேல் போய்விட்டது. அது தெரிந்தேதான் நின்றேன். நான் கொடுத்த கேள்விச் சான்றும் நேர்மையாக வாங்கியது அல்ல. கரிசலூர் கேப்டன் இசக்கியம்மாளுக்குக் கொடுத்த பச்சை அட்டை தவறு. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. கழகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன்.'

இவுக ரெண்டு தடவை படிச்சாக. ஜனவரி போயிருமே வடிவுன்னாக. போகும்னேன். அப்புறம் விரலை வச்சு ஒரு இடத்தைக் காட்டி, தெரிந்தேதான் நின்றேன்கிற வரி மட்டும் வேண்டாமே, தெரியாம நின்னுட்டேன்னு எழுதினா யாரு என்ன கேக்கப் போறாங்கன்னு சொன்னாக. எனக்காகத்தான் சொல்லுதாக, தெரியும்.

"அந்த வரிக்காகத்தான் இந்த லெட்டரே"ன்னு சொன்னேன்.

ஸ்கூட்டரை எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பாட்டுனாக. ரெண்டு பேரும் போயிக் குடுத்துட்டு வந்தோம்.

நவம்பர் 20, புதன்

சூசைமாணிக்கம் சார் கடிதத்தைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்தாரு. இன்னும் யாருகிட்டயும் காட்டலை, கிழிச்சுப் போட்டுருவோம்னாரு. ஆட்டம் முடிஞ்சு போச்சு, கப்பு குடுத்தாச்சு, அம்பயர் தப்பு பண்ணாத ஆட்டம் உலகத்துல உண்டான்னு கேட்டாரு. தப்பு வேற சார், கேட்டுச்சுன்னு சொன்னது வேறன்னு சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துருச்சு. தனக்கும் அன்னைக்கு மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையாம். நீங்க கேட்டுச்சுன்னு சொன்னதாலதான் நான் பேசாம இருந்தேன், இப்ப என் பேரும்தான் கெடும்னாரு.

பதினஞ்சு வருச சிநேகம். காப்பியைக் குடிக்காமலே எந்திரிச்சாரு. வாசல்ல செருப்பை மாட்டும்போது, கடிதத்தைக் கமிட்டியில வைக்கேன், ஆனா இதோட நம்ம சகவாசம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அது நல்லாவே கேட்டுச்சு.

நவம்பர் 28, வியாழன்

முடிவு வந்துருச்சு. மாநிலப் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துட்டாங்க. அம்பயர் அட்டையைத் திருப்பி ஒப்படைக்கணும். இறுதி ஆட்டம் மறுபடியும் முதல்ல இருந்து, டிசம்பர் ஏழாம் தேதி.

மத்தியானம் மேலப்புளியடி பி.டி. டீச்சர் ஃபோன் பண்ணிச்சு. எங்க பிள்ளைக கையில இருந்து கப்பைப் பிடுங்குதீகளே, அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா இந்த ஆசையாவது இல்லாம இருந்திருக்கும்ல, அதுக என்ன பாவம் பண்ணுச்சுன்னு ஏசுச்சு. கடைசி வரைக்கும் கேட்டேன். அந்த ஏச்சு எனக்குச் சேர வேண்டியதுதான்.

அட்டையை உறையில போடுறதுக்கு முன்னாடி அழுதேன். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ அதுல இருக்கு, ரெட்டைச் சடையோட. டாக்டர் படிச்சாப் படிக்கட்டும்.

நவம்பர் 29, வெள்ளி

மகளுக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். ஏழு மாசமா ஏம்மா சொல்லலைன்னு சண்டை பிடிச்சா. அப்புறம் வீடியோவைத் தானும் பாத்ததாச் சொன்னா. ஊரே பாத்திருக்கு.

டிசம்பர் 7, சனி

என்னை யாரும் கூப்பிடலை. நானாத்தான் போனேன். விசில் இல்லாம மைதானத்துக்குள்ள நுழைஞ்சது இதுதான் முதல் தடவை, கையை எங்க வைக்கன்னே தெரியலை. கூட்டத்துல சில பேர் திரும்பிப் பாத்துப் பேசிக்கிட்டாங்க. பேசட்டும்னு முன்வரிசையிலேயே போயி உக்காந்தேன். இவுக வலது பக்கம் உக்காந்துக்கிட்டாக.

நான் நின்ன கோட்டுல ஒரு சின்னப் பொண்ணு அம்பயரா நின்னா, இருபத்தாறு வயசுதான் இருக்கும். நல்லா ஆடுனாங்க ரெண்டு பக்கமும். முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கரிசலூர் மூணு பாயிண்ட் பின்னாடி. இசக்கியம்மாள் ரெய்டு போனா. ஒருத்தி அவ முழங்காலுக்குப் பாய்ஞ்சா. துள்ளித் தப்பிச்சா, ஆனா துள்ளும்போது விசில் வந்துருச்சு. பாட்டு அறுந்ததுக்கு அவுட்டு. எனக்குப் பாட்டும் கேக்கலை, அறுந்ததும் கேக்கலை. அந்தச் சின்னப் பொண்ணு கையை உறுதியாத் தூக்குனதைத்தான் பாத்தேன். கரிசலூர்ப் பிள்ளைகள் இசக்கியம்மாளைப் பாத்தாளுக. அவ மறுபேச்சுப் பேசாம வெளிய நடந்தா.

நாலு பாயிண்டுல தோத்தாங்க. கப்பு மேலப்புளியடிக்கே போயிருச்சு. இவ்வளவும் பண்ணி என்னத்தைக் கிழிச்சன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு.

கிளம்பலாம்னு எந்திரிச்சப்ப யாரோ என் இடது தோளைத் தொட்டாங்க. திரும்பினா இசக்கியம்மாள். முகம் பூரா மண்ணு. ஏற்கெனவே ஏதோ சொல்லிட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கா. சுத்தி நூறு பேர் வேடிக்கை பாக்காங்க.

"வலது பக்கம் வந்து சொல்லும்மா. அந்தக் காது எனக்குக் கேக்காது."

மைதானத்துக்கே கேக்குற மாதிரித்தான் சொன்னேன். என் தொண்டை இன்னும் பி.டி. டீச்சர் தொண்டைதானே.

அவ சுத்தி இந்தப் பக்கம் வந்தா.

"பாட்டு அறுந்துட்டு டீச்சர். அந்த அக்கா சரியாத்தான் ஊதுனாங்க. இன்னைக்கு நாங்கதான் தோத்தோம்."

அவ்வளவுதான் சொன்னா. கையெடுத்துக் கும்பிடலை, காலைத் தொடலை. சமமா நின்னு கையை நீட்டுனா. குலுக்குனேன்.

வீடு வரைக்கும் பெருமையா இருந்துச்சு. யாரை நினைச்சு இவ்வளவு சந்தோஷம்னு இவுக ஸ்கூட்டர்ல கேட்டாக. ரெண்டு பொம்பளைகளை நினைச்சுன்னு சொன்னேன். ஒருத்தி கரிசலூர்க்காரி, இன்னொருத்தி உங்க பொண்டாட்டி.